டிரைவரை விசாரிக்கும் முன் வண்டியை விசாரியுங்கள்!



தோட்டத்துக் கெப் வண்டி வழியில் நின்றுவிட்டால் பொனட்டைத் திறப்பதற்கு முன்பே ஒபிசில் டிரைவரின் பைலைத் திறந்துவிடுகிறார்கள். மலைநாட்டுத் தோட்டங்களில் இது ஊறிப்போன பழக்கம். வண்டிக்கு எத்தனை வயது, கடைசியாக எப்போது பில்டர் மாற்றினார்கள், டேங்கை எப்போது கழுவினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. "நீ எப்படி ஓட்டினாய்?" என்ற ஒரே கேள்விதான். பதில் சொல்வதற்குள் கடிதம் அடிக்கப்பட்டுவிடுகிறது.

அந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம். ஓடும்போது ஒழுங்காக ஓடுகிற வண்டி, நிறுத்துகிற இடத்தில் மட்டும், அதுவும் சில வேளைகளில் மட்டும் அணைந்து போனால், அதற்கான காரணத்தை வண்டிக்குள்தான் முதலில் தேட வேண்டும். தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். தேடாமல் டிரைவரைத் தண்டிப்பது அநியாயம். தேடாமல் அதே வண்டியில் நோயாளியை ஏற்றி அனுப்புவது அதைவிடப் பெரிய அநியாயம்.

ஒரே வண்டி, எல்லா வேலையும்

ஒரு டிவிஷனுக்கு ஒரு கெப் இருந்தால் அது என்னவெல்லாம் செய்கிறது என்று நமக்குத் தெரியும். பிரட்டு முடிந்ததும் உர மூட்டை ஏற்றும். டிரக்டர் படுத்துவிட்டால் கொழுந்துச் சாக்கு ஏற்றும். பிள்ளை மடுவத்துக்குச் சாமான் கொண்டுபோகும். சின்னத் துரையை மலைக்கு ஏற்றி இறக்கும். ராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தால், பிரசவ வலி வந்தால், குளவி கொட்டினால் அதுதான் நமக்கு அம்புலன்ஸ். 1990 இலவச அம்புலன்ஸ் சேவை இருக்கிறது. கட்டாயம் அழைக்க வேண்டும். ஆனால் போனுக்கு சிக்னல் கிடைக்காத லயங்களும், பெரிய வாகனம் திரும்ப முடியாத கல் ரோடுகளும் இன்னும் எத்தனை இருக்கின்றன என்பதையும் நாம் அறிவோம்.

எங்கள் பகுதித் தோட்டமொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். விசாரணை முடியாததால் தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. அங்கே இருப்பது இருபது வருடத்துக்கு மேல் பழைய டீசல் கெப். பல மாதங்களாக அது ஸ்டோர் கேற்றில், வளைவில் பஸ்ஸுக்கு வழிவிடும் இடத்தில், லயத்து வாசலில் என்று நிறுத்துகிற இடங்களில் அவ்வப்போது அணைந்துகொண்டிருந்தது. டிரைவர் வாயால் பலமுறை சொன்னார். ரனிங் சார்ட்டிலும் இரண்டு தடவை எழுதினார். நிர்வாகம் பற்றரியை மாற்றியது. பிறகு இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பூட்டியது. நோய் தீரவில்லை.

ஒரு ராத்திரி பிரசவ வலியில் இருந்த தாயை ஏற்றிக்கொண்டு போனபோது பெரிய ரோட்டைத் தொடுவதற்குள் மூன்று தடவை நின்றது. மூன்று தடவையும் டிரைவர் இறங்கி, டோர்ச் வெளிச்சத்தில் பில்டர் மேலிருக்கும் கைப்பம்பை அமுக்கி, திரும்ப ஸ்டார்ட் செய்து கொண்டுபோய்ச் சேர்த்தார். தாயும் பிள்ளையும் சுகம். அதற்குப் பிறகு டிரைவருக்கு வந்தது நன்றியல்ல, கவனயீனத்தால் கம்பனிச் சொத்துக்குச் சேதம் ஏற்படுத்தியதாக ஒரு கடிதம். டீசல் பம்பைக் கழற்றிச் சரிபார்க்கும் செலவைச் சம்பளத்தில் தவணையாகப் பிடிப்போம் என்று வாய்மொழியாகவும் சொன்னார்கள்.

பம்ப் பழுது என்று யார் கண்டது? யாரும் காணவில்லை. கராஜ் பாஸ் அரை மணி நேரம் பார்த்தார். அந்த அரை மணி நேரமும் வண்டி நிற்காமல் ஓடியது. பார்க்காத நோய்க்கு அவர் ஊகத்தில் ஒரு பெயர் சொன்னார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ராத்திரி காய்கிற பிள்ளையைக் காலையில் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனால் உடம்பு குளிர்ந்திருக்கும். விட்டுவிட்டு வரும் நோயை ஒரு தடவை தொட்டுப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அது எப்போது வருகிறது என்று வீட்டில் இருப்பவர்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். வண்டிக்கும் அப்படித்தான்.

டிரைவர் பிழையா, வண்டிப் பிழையா?

"கிளட்ச்சைச் சரியாக மிதிக்கத் தெரியாமல் வண்டியை அணைக்கிறான்" என்பதுதான் வழமையான குற்றச்சாட்டு. உண்மையிலேயே டிரைவர் பிழையால் என்ஜின் அணைவதும் உண்டு. கியரில் இருக்கும்போது கிளட்ச்சை மிதிக்காமல் நிறுத்தினாலோ, புறப்படும்போது சட்டென்று விட்டாலோ வண்டி குலுங்கித் துள்ளி அணையும். வண்டி கியரில் இருக்கும்போதுதான் இது நடக்கும்.

கியர் நியூட்ரலில் இருக்கிறது, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது, டிரைவரின் கால்கள் மூன்று பெடல்களையும் தொடவில்லை, அப்போதும் என்ஜின் அணைகிறது என்றால் அதில் டிரைவருக்கு என்ன பங்கு? ஒன்றுமில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, என்ஜினைச் சும்மா ஓடவிட்டு அரை மணி நேரம் சாட்சிகளோடு பாருங்கள். இரண்டு மூன்று நாள் திரும்பச் செய்யுங்கள். வேறொரு டிரைவரை அமர்த்தி அதே பாதையில் ஓட்டச் சொல்லுங்கள். யார் ஓட்டினாலும் நிற்கிற வண்டிக்கு ஒருவரை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. காசு செலவில்லாத இந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் கடிதம் அடிக்கிறவர்கள் உண்மையைத் தேடவில்லை. பழியைப் போட ஓர் ஆளைத் தேடுகிறார்கள்.

ஒரு கொப்பியும் ஒரு பேனையும்

அந்த டிரைவரிடம் நாங்கள் முதலில் கொடுத்தது ஸ்பானர் அல்ல, ஒரு பாடசாலைக் கொப்பி. வண்டி நிற்கும் ஒவ்வொரு தடவையும் இவற்றை எழுதச் சொன்னோம்:

திகதி, நேரம், இடம். வண்டியின் முகம் ஏற்றத்தைப் பார்த்திருந்ததா, இறக்கத்தைப் பார்த்திருந்ததா, சமதரையா. டேங்கில் டீசல் எவ்வளவு. என்ஜின் சூடா, குளிரா. லைட், வைப்பர் போட்டிருந்ததா. சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றதா, நடுங்கித் தடுமாறி நின்றதா. உடனே ஸ்டார்ட் ஆனதா, கைப்பம்ப் அடிக்க வேண்டியிருந்ததா.

மூன்று வாரத்தில் கொப்பி பேசத் தொடங்கியது. ஒன்றிரண்டைத் தவிர மற்ற எல்லாத் தடவையும் டேங்க் பாதிக்குக் கீழே இருந்தபோது, வண்டியின் முகம் மேலே பார்த்திருந்தபோது நடந்தவை. எல்லாத் தடவையும் நடுங்கித்தான் நின்றது. கைப்பம்ப் அடித்தால்தான் உயிர் வந்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கும் நெடுநேரம் இழுக்க வேண்டியிருந்தது. பற்றரியோ கிளட்ச்சோ டிரைவரின் காலோ டேங்கில் டீசல் எவ்வளவு என்று பார்த்து வேலை செய்வதில்லை. நோய் டீசல் வருகிற வழியில் இருக்கிறது என்று கொப்பியே காட்டிவிட்டது.

எதை முதலில் பார்ப்பது?

நம் தோட்டங்களில் ஓடும் பழைய டீசல் கெப்களில் பலவற்றுக்குக் கம்பியூட்டர் கிடையாது. பொறிமுறைப் பம்ப்தான். ஆகவே கண்ணும் காதும் கையும் போதும். செலவில்லாததை முதலில், செலவு கூடியதைக் கடைசியில் என்பதே ஒழுங்கு.

முதலில், சட்டென்று நிற்கிறதா என்று பாருங்கள். டீசல் பம்பின் மேல் ஒரு வயர் வந்து சேரும் சிறிய மின்வால்வு இருக்கும். சாவியைப் போட்டால் மின் வந்து அது டீசலைத் திறந்துவிடும். மின் போனால் டீசலை அடைத்து என்ஜினை அணைத்துவிடும். அந்த வயர் தளர்ந்திருந்தாலும், முனை பச்சை பிடித்திருந்தாலும், சாவி சுவிட்ச் தேய்ந்திருந்தாலும் ஒரு குலுக்கலில் மின் அறுந்து என்ஜின் சட்டென்று நிற்கும். என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு எடுங்கள். "டக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். பிறகு என்ஜின் ஓடும்போது அந்த வயரை மெல்ல ஆட்டிப் பாருங்கள். நின்றால் நோய் கையில் அகப்பட்டுவிட்டது.

இரண்டாவது, தண்ணீர். பில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும். 2022 இல் நாடு முழுவதும் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பீப்பாயிலும் கேனிலும் சேர்த்து வைத்து ஊற்றியது நினைவிருக்கும். ஈரம் நிறைந்த மலைநாட்டில் பீப்பாய்க்குள் தண்ணீரும் துருவும் சேராமல் இருக்குமா? இன்றும் பீப்பாயிலிருந்து ஊற்றுகிற தோட்டங்களில் இந்தச் சோதனையை மாதம் ஒரு தடவையாவது செய்ய வேண்டும்.

மூன்றாவது, காற்று. டேங்க் தாழ்வில் இருக்கிறது, பம்ப் மேலே இருக்கிறது. பம்ப் டீசலை உறிஞ்சித்தான் எடுக்கிறது. உறிஞ்சுகிற குழாயில் எங்காவது வெடிப்பிருந்தால், ஓடும்போது டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகும். சொட்டு விழாததால் யார் கண்ணிலும் படாது. வேகமாகச் சுற்றும்போது என்ஜின் அந்தக் காற்றைச் சமாளித்துக்கொள்ளும். மெதுவாகச் சுற்றும்போது, அதாவது வண்டியை நிறுத்தியிருக்கும்போது, தடுமாறி அணையும். டேங்கில் டீசல் குறைந்தாலும், வண்டியின் முகம் மேலே பார்த்தாலும் இன்னும் உயரத்துக்கு உறிஞ்ச வேண்டியிருப்பதால் காற்று கூடுதலாக நுழையும். பில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் கண்ணாடிக் குழாயை, அதாவது உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டு, என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழிகள் ஓடினால் காற்று உள்ளே போகிறது. பிறகு ரப்பர் ஹோஸ்கள், கிளிப்புகள், வாஷர்கள், கைப்பம்பின் ரப்பர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

நான்காவது, அடைப்பு. டீசல் பில்டர் அடைத்திருந்தால் பெரும்பாலும் ஏற்றத்தில் இழுவை குறையும். டேங்குக்குள் துருவோ சேறோ துணித் துண்டோ இருந்தால் அது உறிஞ்சும் வாயில் போய் ஒட்டி வண்டியை நிறுத்தும். கொஞ்ச நேரத்தில் தானே விழுந்துவிடும், வண்டியும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். டேங்க் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்தாலும் இதே கதைதான். நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டு, பிறகு வண்டி ஓடினால் மூடியைச் சந்தேகிக்கலாம்.

ஐந்தாவது, சும்மா ஓடும் வேகம். பழைய டீசல் கெப்களில் இது பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்று அளவில் இருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். அதைவிடக் குறைத்து வைத்தால் லைட் போட்டாலே என்ஜின் மூச்சு வாங்கும்.

இவை எல்லாம் முடிந்த பிறகுதான் பம்பையும் இன்ஜெக்டரையும் தொட வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களை என்ஜின் ஓடும்போது தளர்த்தவோ கை வைத்துத் தடவவோ வேண்டாம். அதில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு குத்துப் போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

பெற்றோல் வண்டியும் ஆட்டோவும் வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பெற்றோல் கெப்பில் காற்று நுழையும் வாயில் கரி படிந்தாலும், சும்மா ஓடும்போது காற்றைச் சீராக்கும் வால்வு ஒட்டிக்கொண்டாலும் நிறுத்தும் இடத்தில் அணையும். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் என்ஜின் தடுமாறினால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பாகத்தையும் அதன் ஹோஸையும் பாருங்கள். கார்புரேட்டர் ஆட்டோவில் மெது ஓட்டத்துக்கான சிறு துவாரம் அடைப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

என்ன கண்டுபிடித்தோம்?

கொழும்பில் கராஜ் ஒன்றில் வேலை செய்யும் நம் லயத்துப் பிள்ளை லீவில் வந்திருந்தான். அவனும் டிரைவரும் ஸ்டோர் பிட்டரும் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நிர்வாகத்தின் அனுமதியோடு பார்த்தார்கள். கண்ணாடிக் குழாயில் குமிழி ஓடியது. சேசிஸ் ஓரமாக வரும் இரும்புக் குழாயிலிருந்து பில்டருக்கு ஏறும் ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை. கூடவே சும்மா ஓடும் வேகத்தின் திருகும் நன்றாகக் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. டீசல் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து வந்த வாய்மொழி உத்தரவில் முன்பொரு நாள் செய்த வேலை அது.

ஒரு முழம் ஹோஸ், இரண்டு கிளிப், திருகில் ஒரு சிறு திருப்பு. இந்த இதழ் அச்சுக்குப் போகும் வரை அந்த வண்டி நிற்கவில்லை. பம்பைக் கழற்றவே இல்லை. ஆனால் கழற்றாத பம்புக்காக ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் கை வைக்க நினைத்த கடிதம் மட்டும் இன்னும் வாபஸ் வாங்கப்படவில்லை!

இறக்கத்தில் நின்றால்?

"நின்றால் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டியதுதானே" என்று சாதாரணமாகச் சொல்கிறவர்கள் நம் ரோடுகளை மறந்துவிடுகிறார்கள். என்ஜின் அணைந்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் புதிதாக உண்டாகாது. ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம் உள்ள ரோட்டில், பின்னால் ஆட்களும் மூட்டைகளும் இருக்கும்போது இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே டிரைவர் தோழர்களே, டீசல் மிச்சம் என்று யார் சொன்னாலும் இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள், என்ஜினை அணைத்து உருட்டாதீர்கள். ஓடும்போது என்ஜின் நின்றுவிட்டால் பிரேக்கை அடித்து அடித்து மிதிக்காமல் ஒரே மிதியாக அமுக்கிப் பிடியுங்கள். ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுங்கள். நின்றதும் கியரில் போட்டு, சில்லுக்குக் கல் வைத்த பிறகே ஆட்களை இறக்குங்கள். அடிக்கடி நிற்கிறது என்று தெரிந்த வண்டியில் ஆட்களை ஏற்றச் சொன்னால், "எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள்.

அவர்கள் சொல்லும் சாட்டுகள்

"பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். வயது ஒரு நோயின் பெயரல்ல. பழைய வண்டியில் ரப்பர் வெடிக்கும், வயர் பச்சை பிடிக்கும், டேங்க் துருப்பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயரும் இடமும் மருந்தும் உண்டு. "தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று ஒரு காலத்தில் சொன்னதும் இதே மனப்பாங்குதான். பிள்ளைக்குக் கண் தெரியவில்லையா, காலையில் சாப்பிட்டு வந்ததா என்று பார்க்காமல் பிறப்பின் மேல் பழி போட்டார்கள். பார்க்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு இப்படி ஒரு பதில் எப்போதும் கையில் இருக்கும்.

"புதிய வண்டி வாங்க வழியில்லை" என்பார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி ஏறக்குறைய ஐந்து வருடம் கழித்துத்தான் மெல்லத் திறந்தது என்பது உண்மை. அப்படியென்றால் இருக்கிற வண்டியை இன்னும் கவனமாகப் பார்த்திருக்க வேண்டுமே? 1992 இல் தோட்ட நிர்வாகத்தைக் கம்பனிகள் பொறுப்பெடுத்தபோது கொழுந்தை மட்டும் பொறுப்பெடுக்கவில்லை. அந்தக் கொழுந்தைப் பறிக்கிறவர்கள் ஏறி இறங்கும் வண்டியும் அந்தப் பொறுப்புக்குள்தான் வருகிறது.

நம் பக்கத்திலும் சிலர் கேட்கிறார்கள்: "புதிய வண்டி கேட்டுப் போராடாமல் ஹோஸைப் பற்றியும் கிளிப்பைப் பற்றியும் சங்கப் பத்திரிகையில் ஏன் எழுதுகிறீர்கள்? அது நிர்வாகத்தின் வேலையல்லவா?" ஆம், அது நிர்வாகத்தின் வேலைதான். புதிய வண்டியும் கேட்போம், விடமாட்டோம். ஆனால் புதிய வண்டி வரும் வரை இன்றிரவு மலையிறங்கப் போவது இந்தப் பழைய வண்டிதான். அதில் போகப் போவது நம் அம்மாவும் அக்காவும் பிள்ளையும்தான். அதுமட்டுமல்ல, வண்டி ஏன் நின்றது என்று சொல்லத் தெரிந்த தொழிலாளியை விசாரணை மேசையில் மிரட்ட முடியாது. தெரியாத இடத்தில்தான் அவர்களுடைய வார்த்தை சட்டமாகிறது.

கடிதம் வந்தால் என்ன செய்வது?

கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டுமென்றால் "கிடைத்தது" என்று மட்டும் எழுதித் திகதியிடுங்கள். குற்றத்தை ஏற்பதாக ஒரு வார்த்தைகூட எழுதாதீர்கள். அன்றே தோட்டக் கமிட்டித் தலைவரிடமும் மாவட்டக் காரியாலயத்திலும் காட்டுங்கள். பதிலைக் குறித்த நாளுக்குள் எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியையும், ரனிங் சார்ட்டில் முன்பே பழுது எழுதிய நாட்களையும் அந்தப் பதிலில் குறிப்பிடுங்கள்.

சம்பளத்தில் பிடிப்பது பற்றி: 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், சட்டம் அனுமதித்த கழிவுகளைத்தான் பிடிக்கலாம். அதற்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். ஊழியர் சேமலாப நிதி போன்ற சட்டப்படியான பங்களிப்புகள் வேறு. கம்பனி வண்டியின் பழுதுச் செலவை நினைத்தபடி செக்ரோலில் வெட்ட எந்தத் துரைக்கும் அதிகாரமில்லை. வெட்டினால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்வோம். வேலையை விட்டே நிறுத்தினால் 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி தொழில் நியாய சபைக்குப் போக வழியிருக்கிறது. அதற்குக் காலக்கெடு உண்டு, ஆகவே ஒரு நாளும் தாமதிக்காமல் சங்கத்துக்கு வாருங்கள்.

எங்கள் கோரிக்கைகள்

1. அந்த டிரைவருக்குக் கொடுத்த கடிதத்தை எழுத்து மூலம் வாபஸ் வாங்க வேண்டும். சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக் கூடாது.

2. ஒவ்வொரு தோட்ட வாகனத்துக்கும் ஒரு பழுதுக் கொப்பி வேண்டும். டிரைவர் எழுதும் ஒவ்வொரு பழுதுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர் திகதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். என்ன செய்தார்கள் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்.

3. டீசல் பில்டர், காற்றுப் பில்டர், ரப்பர் ஹோஸ், டேங்க் ஆகியவற்றைப் பார்க்கவும் மாற்றவும் ஒரு கால அட்டவணை வேண்டும். அது ஸ்டோர் சுவரில் எல்லோரும் பார்க்கத் தொங்க வேண்டும்.

4. நின்றுபோகும் பழுது எழுதப்பட்ட வண்டியில், அது தீரும் வரை நோயாளியையோ தொழிலாளியையோ ஏற்றக் கூடாது. அந்த நாட்களுக்கு மாற்று வண்டி ஒழுங்கு செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு.

5. வாகனப் பழுது சம்பந்தமான எந்த விசாரணைக்கும் முன்பு, டிரைவரும் சங்கப் பிரதிநிதியும் முன்னிலையில் வண்டியைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும்.

இவற்றில் பெரிய செலவுள்ள கோரிக்கை எதுவுமில்லை. ஒரு கொப்பி, ஒரு கையெழுத்து, காலத்துக்கு ஒரு ஹோஸ், பழுது தீரும் வரை ஒரு மாற்று வண்டி. இதைக்கூடக் கொடுக்க மறுக்கிறவர்கள் இனிமேல் காசில்லை என்று சொல்ல முடியாது. மனமில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

டிரைவர் தோழர்களே, நாளைக் காலையிலேயே ஒரு கொப்பியை வண்டியில் வையுங்கள். தோட்டக் கமிட்டித் தலைவர்களே, அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளைக் கொண்டுவாருங்கள். தோட்டத்துப் பாடசாலைகளில் படித்து நகரத்துக் கராஜ்களில் கைத்தொழில் பழகிய நம் பிள்ளைகளே, லீவில் வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வண்டி என்ன சொல்கிறது என்று எழுதி வைப்போம். எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்போம்.

ஒன்றுபட்டுக் கேட்போம்! உரிமையோடு கேட்போம்!